கொல்லை வாழைக்கு உரம்: எதை, எவ்வளவு, எப்போது

எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் வாழைக்கு யாரும் உரம் வைத்ததாக எனக்கு நினைவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதன் கரையில் நாலைந்து தூர் பூவன் நிற்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். தார் வெட்டினால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே நம்பிக்கையில் நானும் என் வீட்டுச் சமையலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டேன். மரம் ஓங்கி வளர்ந்தது, இலை பந்தி போடுகிற அளவுக்கு விரிந்தது. தார் மட்டும் ஐந்து சீப்பு, விரல் பருமனில் காய்.

எங்கே வித்தியாசம் என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது. பாட்டி பாத்திரம் தேய்த்தது அடுப்புச் சாம்பலில். நான் தேய்ப்பது சோப்பில். பொட்டாசியத்துக்குத் தமிழில் சாம்பல் சத்து என்று சும்மா பெயர் வரவில்லை. விறகுச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பும் அதுவும்தான். தினமும் மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக அது வாழைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எரிவாயு அடுப்பு வந்தது, சாம்பல் போனது. வாழைக்கு வேண்டியது மட்டும் மாறவில்லை.

மூன்று சத்தும் வாழை கேட்கும் விகிதமும்

தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். யூரியாவில் இருப்பது இதுதான், நூற்றுக்கு 46 பங்கு. மணிச்சத்து வேருக்கு. சூப்பர் பாஸ்பேட்டில் நூற்றுக்கு 16 பங்கு இருக்கும். சாம்பல் சத்து, இலையில் உண்டாகும் சர்க்கரையைக் காய்க்குக் கொண்டு சேர்ப்பது, தண்டைக் காற்றுக்குத் தாங்க வைப்பது, வெயிலில் இலை தண்ணீரை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது என்று பல வேலைகளைச் செய்யும். கடையில் பொட்டாஷ் என்று கேட்டால் கல் உப்பு மாதிரி சிவப்பாகவோ வெள்ளையாகவோ தருவார்கள். அதில் நூற்றுக்கு 60 பங்கு சாம்பல் சத்து.

மற்றப் பயிர்களுக்கும் வாழைக்கும் உள்ள வேறுபாடு விகிதத்தில்தான். தோட்டக்கால் நிலத்தில், அதாவது நெல் வயலாக இல்லாமல் இறைத்துப் பாய்ச்சும் நிலத்தில், ஒரு மரத்துக்கு ஓராண்டுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல் சத்து. நேந்திரனுக்கு மட்டும் 150, 90, 300. முதல் கணக்கைப் பாருங்கள்: தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு சாம்பல் சத்து. மணிச்சத்து அந்தச் சாம்பல் சத்தில் பத்தில் ஒரு பங்குதான்.

வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது 17:17:17 அல்லது 19:19:19 காம்ப்ளக்ஸ் பொட்டலம், அதாவது மூன்று சத்தும் நூற்றுக்கு அத்தனை பங்கு சமமாகக் கலந்த உரம். ரோஜாவுக்கும் அது, தக்காளிக்கும் அது, வாழைக்கும் அது. 17:17:17 மட்டும் போட்டு வாழையின் சாம்பல் சத்துத் தேவையை ஈடுகட்டப் பார்த்தால் மரத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ கொட்ட வேண்டும். அப்போது தழைச்சத்து மூன்று மடங்கும் மணிச்சத்து ஒன்பது மடங்குக்கு மேலும் போய்விடும். மணிச்சத்து மண்ணில் மிதமிஞ்சினால் துத்தநாகம் வேருக்குக் கிடைக்காமல் போகும். ஆக, வாழைக்குக் காம்ப்ளக்ஸ் வாங்காதீர்கள். மூன்று உரத்தையும் தனித்தனியாக ஒவ்வொரு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று மரத்துக்குத் தாராளம். பொட்டாஷ் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

உரத்துக்கு முன்னால் தூரைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் கீழே வரும் எதையும் செய்யாதீர்கள். வீட்டு வாழையில் உரம் வீணாவதற்கு முதல் காரணம் பக்கக்கன்று. ஒரே தூரில் எட்டு, பத்து கன்று நிற்கும். ஒரு மரத்துக்கு அளந்து வைத்த உரத்தைப் பத்து பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

வாழையடி வாழை என்பது அம்மா, மகள், அதிகம் போனால் பேத்தி. அதற்கு மேல் குடும்பம் வேண்டாம். தாய் மரம் பூத் தள்ளும் வரை மாதம் ஒரு முறை கன்றுகளை மண்ணோடு மண்ணாக வெட்டிவிடுங்கள். பூத் தள்ளியதும் நல்ல கன்று ஒன்றை விட்டுவிடலாம். இலை ஈட்டி போல ஒடுங்கி, அடி பருத்திருப்பதுதான் நல்ல கன்று. சின்னதாக இருக்கும்போதே அகன்ற இலை விட்டுப் பார்க்க அழகாக நிற்கும் நீர்க்கன்றை நம்பாதீர்கள். அதற்குக் கிழங்கில் பலம் கிடையாது.

தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். வாழைக்குத் தண்ணீர் பிடிக்கும், குளம் பிடிக்காது. வேர் அழுகிய மரத்துக்கு எவ்வளவு உரம் வைத்தாலும் அது எடுக்காது. அப்புறம், துணி துவைக்கும் எந்திரத்துத் தண்ணீரை வாழைக்கு விடுகிறவர்கள் நிறைய. சோப்புத் தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கும், சாம்பல் சத்தை வேர் எடுப்பதையும் கெடுக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக விடலாம். சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள்.

நடும்போது

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. அதில் மேல்மண்ணோடு மட்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு கால் கிலோ. இவ்வளவு போதும். யூரியா, பொட்டாஷ் எதுவும் குழிக்குள் வேண்டாம். புது வேர் கருகும். பச்சைச் சாணமும் வேண்டாம், சூடு தாங்காது. ஆய்வகத்தில் உருவாக்கிய திசு வளர்ப்புக் கன்று வாங்கி நட்டிருந்தால் அதற்குக் கிழங்கு இருப்பு இல்லாததால் கொஞ்சம் சீக்கிரமே பசிக்கும். இரண்டாம் மாதம் 25 கிராம் யூரியாவும் அதே அளவு பொட்டாஷும் கரைத்து ஊற்றலாம். இதை மேலே சொன்ன ஆண்டு அளவில் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, ஐந்து, ஏழு

இந்த மூன்று மாதங்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள். நட்டதிலிருந்து மூன்றாம் மாதம் யூரியா 80 கிராம், சூப்பர் பாஸ்பேட் 220 கிராம், பொட்டாஷ் 185 கிராம். ஐந்தாம் மாதம் யூரியா 80, பொட்டாஷ் 185. ஏழாம் மாதம் மறுபடியும் யூரியா 80, பொட்டாஷ் 185. சூப்பர் ஒரே முறைதான். மணிச்சத்து மண்ணில் ஓடாது, வைத்த இடத்திலேயே இருக்கும். யூரியாவும் பொட்டாஷும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும் என்பதால்தான் பிரித்து வைக்கிறோம். நேந்திரனாக இருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் யூரியா 110, பொட்டாஷ் 165, முதல் தவணையில் சூப்பர் 560 கிராம்.

ஏன் இந்த மாதங்கள்? புதிதாக வாழை வைக்கிறவர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி இது. தாரில் எத்தனை சீப்பு, சீப்புக்கு எத்தனை காய் என்பது பூ வெளியே வரும்போது முடிவாவதில்லை. ஓராண்டு ரகத்தில் ஐந்து, ஆறாம் மாத வாக்கிலேயே, மரம் வெறும் இலையாக நிற்கும்போதே, அடியில் கிழங்கின் நுனியில் பூ உருவாகத் தொடங்கிவிடும். பிறகு தண்டின் நடுவே ஏறி வெளியே வர இரண்டு, மூன்று மாதம். நாம் பூவைப் பார்த்து மகிழ்ந்து உரம் எடுத்துக்கொண்டு ஓடும்போது சீப்புக் கணக்கு முடிந்துபோயிருக்கும். அதன் பிறகு வைக்கும் உரம் காயைக் கொஞ்சம் பருக்க வைக்கலாம், ஒரு சீப்பைக்கூடக் கூட்டாது. என்னுடைய ஐந்து சீப்புத் தாருக்கும் இதே கதைதான். பூ வந்த பிறகுதான் எனக்கு ஞானம் வந்தது.

கற்பூரவள்ளியும் செவ்வாழையும் நிதானமானவை. செவ்வாழை தார் முற்ற ஒன்றரை வருஷம்கூட ஆகும். இவற்றுக்கு அதே மொத்த அளவை நாலாகப் பிரித்து, ஒன்பதாம் மாதத்தையும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். மணல் பாங்கான மண்ணாக இருந்தாலும் இப்படித்தான். கடற்கரையோர வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தவணை முழுவதும் இரண்டு நாளில் கரைந்து போய்விடும். இப்படிப் பிரித்துச் சிறிதாக வைத்தால் அத்தனையும் போகாது. அடைமழை நேரத்தில் தள்ளிப் போடுங்கள்.

பழைய தூரில் வந்த கன்றுக்கு வயது தெரியாதே என்றால், ஈட்டி இலை போய் அகன்ற இலை வரத் தொடங்குவதை முதல் தவணையாக வைத்துக்கொண்டு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று போங்கள். துல்லியம் இல்லாவிட்டாலும் பூவுக்கு முன்னால் உரம் போய்ச் சேர்ந்துவிடும்.

சமையலறைத் தண்ணீரும் இலைச் சருகும் வருஷக்கணக்காக விழுந்து கறுத்துக் கிடக்கிற மண் என்றால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம். பொட்டாஷைக் குறைக்காதீர்கள். மண் பரிசோதனைக்கு அரசு ஆய்வகங்களில் மாதிரி கொடுக்கலாம். ஒரே ஒரு மரத்துக்கு அந்த அலைச்சல் தேவையா என்றால், உப்புத் தண்ணீர் உள்ள ஊர் என்றால் மட்டும் தேவை என்பேன். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரணப் பொட்டாஷில் உள்ள குளோரைடு இன்னும் உப்பைச் சேர்க்கும். அதற்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். அதில் சாம்பல் சத்து 50 பங்குதான், ஆகவே 185க்குப் பதில் 220 கிராம்.

அளப்பதும் வைப்பதும்

கைப்பிடிக் கணக்கு வேண்டாம். என் கைப்பிடியும் உங்கள் கைப்பிடியும் ஒன்றல்ல. யூரியா உருண்டையும் பொட்டாஷ் கல்லும் ஒரே கனமும் அல்ல. ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து, பழைய டம்ளர் ஒன்றில் ஆணியால் கோடு கீறிவிடுங்கள். அந்த டம்ளர் பிறகு சமையலறைப் பக்கம் வரக் கூடாது.

மரத்தின் அடியில் உரத்தைக் கொட்டுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் செய்திருக்கிறேன். அடிப்பட்டை வெந்து, ஒரு பக்க இலை மொத்தமும் காய்ந்து தொங்கியது. உரத்தை எடுக்கும் இளம் வேர்கள் தண்டை ஒட்டி இல்லை. தண்டிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி வட்டமாக இரண்டு, மூன்று விரல்கடை ஆழத்துக்கு மண்ணைக் கீறுங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். வாழை வேர் பெரும்பாலும் மேலே ஓரடி மண்ணிலேயே இருக்கும், மண்வெட்டி பட்டால் அறுந்துவிடும். முதல் நாள் தண்ணீர் விட்டு மண் ஈரமாக இருக்க வேண்டும். உரத்தைச் சுற்றிலும் தூவி, மண்ணை மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். மூடாமல் விட்ட யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். யூரியாவையும் சூப்பரையும் முன்கூட்டியே கலந்து வைத்தால் கசிந்து களி மாதிரி ஆகிவிடும், வைக்கும் அன்றைக்குக் கலந்தால் போதும்.

தாய் மரம் தார் போட்டு நிற்க, பக்கத்தில் அடுத்த கன்று வளர்கிறது என்றால் முழு வட்டம் வேண்டாம். கன்று நிற்கும் பக்கமாகப் பிறை வடிவில் வையுங்கள். இனி சாப்பிடப் போவது அதுதான்.

யூரியா, பொட்டாஷ் வேண்டாம் என்பவர்களுக்கு

தாராளமாக இயற்கை முறையில் செய்யலாம், ஆனால் கணக்கு தெரிந்து செய்யுங்கள். தொழு உரம் 10 கிலோவில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 50 கிராம் அளவில்தான் இருக்கும். கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் பெரும்பாலும் தழைச்சத்து. இரண்டையும் வாரி வழங்கினால் என் பழைய மரம் மாதிரி இலைக்காடு வரும், தார் வராது. வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுவது இப்போது பரவலாகிவிட்டது. தோலில் சாம்பல் சத்து உண்டு, மறுக்கவில்லை. ஒரு மரத்தின் ஆண்டுத் தேவைக்கு நூற்றுக்கணக்கான தோல் வேண்டும் என்பதுதான் சிக்கல். குப்பைக்குப் போவதற்கு வாழை அடியில் போட்டது லாபம், அவ்வளவுதான்.

சாம்பல் சத்துக்கு உருப்படியான வழிகள் விறகுச் சாம்பலும் தேங்காய் மட்டையும் வாழைத் தண்டும். சாம்பலை ஆண்டுக்கு இரண்டு, மூன்று கிலோ, பல தவணையாக மண்ணில் கலந்துவிடுங்கள். கரும்புச் சாறு கடை, டீக்கடை, திருமண மண்டபம் என்று விறகு எரிக்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள், பிளாஸ்டிக் எரித்த சாம்பலாக மட்டும் இருக்கக் கூடாது. சாம்பல் காரத் தன்மை உள்ளது. யூரியாவோடும் சாணத்தோடும் சேர்த்து வைத்தால் தழைச்சத்தைக் காற்றில் துரத்திவிடும், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். உங்கள் மண்ணே களர் மண் என்றால் சாம்பலை விட்டுவிடுங்கள். தேங்காய் மட்டையை உட்புறம் மேலே பார்க்கும்படி வட்டத்தில் அடுக்கி மண் போட்டு மூடினால் ஈரத்தையும் பிடித்துவைக்கும், மெல்லச் சாம்பல் சத்தையும் விடும்.

இலை சொல்லும் செய்தி

முதலில் பார்க்க வேண்டியது குறை பழைய இலையிலா, புது இலையிலா என்பது. அடி இலைகள் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, உள்பக்கம் சுருண்டு சீக்கிரம் காய்ந்தால் சாம்பல் சத்துக் குறை. எல்லா இலையும் வெளிறி, இலைக்காம்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தழைச்சத்துக் குறை. பழைய இலையில் ஓரம் பச்சையாக இருக்க நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறை. பொட்டாஷை அள்ளிப் போட்டவர்கள் தோட்டத்தில் இது வரும், ஏனென்றால் ஒன்று மிகுந்தால் மற்றதை வேர் எடுக்காது. மெக்னீசியம் சல்பேட் 25 முதல் 50 கிராம் மண்ணில் வைத்தால் அடுத்து வரும் இலைகள் சரியாகும். பழைய இலை பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

புது இலை குறுகி, மஞ்சள் வரி ஓடி, அடிப்புறம் சிவந்தால் துத்தநாகம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. இலை நெளிந்து, நரம்புக்குக் குறுக்கே கோடு விழுந்தால் போரான். ஒவ்வொன்றையும் துப்பறிந்து கொண்டிருக்க வேண்டாம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், இரும்பு சல்பேட் 2, காப்பர் சல்பேட் 2, போரிக் அமிலம் 1 கிராம் என்று கரைத்து அதே மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் இலையில் தெளிக்கலாம். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த நுண்சத்துகளைக் கலந்து ‘வாழை சக்தி’ என்ற பெயரில் தருகிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதே போல் ‘பனானா ஸ்பெஷல்’ உண்டு. ஒரு பொட்டலம் வாங்கினால் வீட்டு மரங்களுக்கு வருஷம் ஓடும்.

இரண்டு நோய்களைச் சத்துக் குறை என்று நினைத்து உரம் வைத்து ஏமாறாதீர்கள். அடி இலைகள் மஞ்சளாகிக் காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கினால், ஒரு இலைப்பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடினால் வாடல் நோய். ரஸ்தாலியில் இது சாதாரணம். இலைகள் குட்டையாக, விறைப்பாக, உச்சியில் கொத்தாகக் குவிந்தால் முடிக்கொத்து நோய், அசுவினி பரப்பும் வைரஸ். இரண்டுக்கும் உரம் மருந்தல்ல. கிழங்கோடு தோண்டி எடுத்து அழித்துவிட்டு, வாடல் வந்த இடத்தில் வேறு பயிர் வையுங்கள்.

தார் வந்த பிறகு

கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துப் பொரியலுக்கு அனுப்பிவிடுங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால் காய்க்குப் போக வேண்டிய சத்தைத் தின்னும். பிறகு சல்பேட் ஆஃப் பொட்டாஷை லிட்டருக்கு 20 கிராம் கரைத்துத் தார் நனையத் தெளிக்கலாம், மாலை நேரத்தில். இதைவிட வேடிக்கையான முறை ஒன்று உண்டு. அரைக் கிலோ பச்சைச் சாணத்தில், 100 மில்லி தண்ணீரில் கரைத்த 7.5 கிராம் யூரியாவையும் 7.5 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷையும் கலந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பூ ஒடித்த காம்பின் நுனி அதில் புதையும்படி கட்டித் தொங்க விடுவது. காம்பு அதை உறிஞ்சிக் காய்க்கு அனுப்பும். பார்க்க அசிங்கமாக இருக்கும், விருந்தாளிகள் கேள்வி கேட்பார்கள், ஆனால் காய் பருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பச்சை இலைகளை மட்டும் இப்போது விசேஷத்துக்கு அறுக்காதீர்கள். காய் பருக்க எட்டு, பத்து இலையாவது மரத்தில் இருக்க வேண்டும்.

தார் வெட்டிய கையோடு மரத்தை அடியோடு சாய்க்க வேண்டாம். தண்டில் இருக்கும் சத்தும் தண்ணீரும் கிழங்கு வழியாகக் கன்றுக்கு இறங்கும். மேல்பாதியை மட்டும் வெட்டிவிட்டு, மீதியை ஒரு மாதம் விட்டு வெட்டுங்கள். நடுத் தண்டு கூட்டுக்குப் போக, மிச்சப் பட்டைகள் முழுக்கச் சாம்பல் சத்து. அதை வெளியே எறிவது காசை எறிவது. ஆனால் முழு உருளையாகப் போட்டால் கூன்வண்டு குடியேறும். நீளவாக்கில் பிளந்து, துண்டாக நறுக்கி, இரண்டு நாள் வெயிலில் வாடவிட்டு, அடுத்த கன்றைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளிப் பரப்பி மேலே மண் போடுங்கள். கன்றில் அகன்ற இலை வந்துவிட்டதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வந்திருந்தால் டம்ளரை எடுக்கும் நேரம்.